லேசர் பிரிண்டர் செட்டிங்: புள்ளி மறையாமல், சுழி அடைக்காமல் பிரிண்ட் எடுக்க முழு வழிகாட்டி

பிரிண்ட் மங்கலாக வருகிறது என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது டென்சிட்டிக்குத்தான், அதாவது அச்சின் கறுப்பைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்குக்கு. உண்மையில் கடைசியாகத் தொட வேண்டியது அது. பேப்பர் ஈரமாக இருந்து, பேப்பர் டைப் தவறாக இருந்து, கறுப்புத் தூளான டோனரைச் சிக்கனமாக விடும் டோனர் சேவ் ஆன் ஆகி இருக்கும்போது டென்சிட்டியை ஏற்றினால் கொஞ்ச நாள் சரியானதுபோல் தெரியும், அப்புறம் பக்கம் முழுக்கச் சாம்பல் படரும், தொட்டால் கையில் கறுப்பு ஒட்டும், டோனர் இருக்கும் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்குவோம். இதே வரிசையில் தடுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் ஆள் நான்தான்.

கீழே இருப்பது கறுப்பு வெள்ளை ஏ4 லேசர் பிரிண்டருக்கானது. மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

1. கையில் இருக்க வேண்டியவை

பிரிக்காத ஒரு ரீம் பேப்பர் (75 அல்லது 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல், பென்சில், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, நூல் உதிராத உலர்ந்த துணி. அவ்வளவுதான்.

பிரிண்டரைச் சுவர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் 180, 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேலை செய்கிறது. அது சூடேறும் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கென்று வாங்கிய சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அது கீச்சென்று கத்திவிட்டு அணையும், கூடவே சேமிக்காத ஃபைலும் போகும்.

அடுத்து, கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் பிரிண்டரிலிருந்தே கான்ஃபிகரேஷன் பேஜ் ஒன்று எடுங்கள். திரை உள்ள மாடலில் ரிப்போர்ட்ஸ் மெனுவில் இருக்கும். திரை இல்லாததில் ஒரு பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், எந்தப் பட்டன் என்பது கையேட்டின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். இந்தப் பக்கம் நன்றாக வந்து உங்கள் ஃபைல் மட்டும் மோசமாக வந்தால் கோளாறு ட்ரைவரிலோ (பிரிண்டரை இயக்கக் கம்ப்யூட்டரில் போடும் சாஃப்ட்வேர்) ஃபைலிலோ இருக்கிறது. இதுவும் மோசமாக வந்தால் பேப்பர், கார்ட்ரிட்ஜ், ஃப்யூசர் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு தாளில் பாதித் தேடல் மிச்சமாகிறது.

2. டெஸ்ட் பக்கம் ஒன்று செய்துகொள்ளுங்கள்

விண்டோஸ் தரும் டெஸ்ட் பேஜில் தமிழ் எழுத்தின் சிக்கல் எதுவும் தெரியாது. வேர்டில் ஓர் ஏ4 பக்கம் திறந்து, மேலே அகலமான கறுப்புப் பட்டை ஒன்று, அதன் கீழே 25, 50 சதவீதச் சாம்பல் கட்டங்கள், சரியாக 100 மி.மீ. நீளத்தில் படுக்கையாக ஒரு கோடு, செங்குத்தாக ஒரு கோடு, ஏடிஎம் கார்டு அளவில் (85.6 × 54 மி.மீ.) ஒரு கட்டம் போடுங்கள். பிறகு இந்த இரண்டு வரிகளை 8, 10, 12 பாயின்ட்டில் அடியுங்கள்:

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்னானாம்.

எண்ணெய்க் கிண்ணம், மஞ்சள் ஊஞ்சல், ஸ்ரீரங்கம் அண்ணன்.

முதல் வரி நெடுகப் புள்ளி. டோனர் குறைவாக விழுந்தால் முதலில் காணாமல் போவது எழுத்தின் தலையில் இருக்கும் இந்தப் புள்ளிதான். ‘பாக்கு’ என்பது ‘பாககு’ என்று நிற்கும். இரண்டாம் வரி நெடுகச் சுழி. டோனர் அதிகமாக விழுந்தால் மூன்று சுழி ணகரத்தின் உட்புறமும் ஞகரத்தின் வளைவும் அடைத்துக்கொள்ளும். புள்ளி தெரிய வேண்டும், சுழி திறந்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் செட்டிங் இருக்கிறது.

இதை பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், ஒரு தாள். தாளின் மூலையில் என்ன மாற்றினீர்கள் என்று பென்சிலில் குறித்துவிடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

3. பேப்பர்

திறந்து பல நாள் கிடந்த பேப்பரை ஒதுக்கிவிட்டுப் புது ரீமைப் பிரியுங்கள். டோனர் தாளுக்குத் தாவுவது மின்னூட்டத்தால். ஈரம் ஏறிய தாளில் அந்த மின்னூட்டம் சரியாக நிற்காது, எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலோரம் இருக்கும் பிரிண்டரைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தாள் வெளியே வரும் இடத்தில் லேசாகப் புகை மாதிரி வருகிறது என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அது புகை இல்லை, தாளில் இருந்த ஈரம் ஃப்யூசர் சூட்டில் ஆவியாகிறது.

ரீமின் உறையில் எந்தப் பக்கம் முதலில் அச்சாக வேண்டும் என்று அம்புக்குறி இருக்கும். அதைக் கவனித்து வைத்தால் தாள் சுருள்வது குறையும். ட்ரேயில் வைக்குமுன் கட்டை விசிறிவிட்டுத் தட்டி அடுக்குங்கள், ட்ரேயின் பக்கத் தடுப்புகள் தாளைத் தொட்டும் அழுத்தாமலும் நிற்கட்டும். தடுப்பு தளர்ந்திருந்தால் வரி சாய்ந்து வரும், அதைச் சரிசெய்ய எந்த செட்டிங்கும் கிடையாது. மிச்சம் இருப்பதை ரீம் உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள்.

உள்ளே விடக் கூடாதவை சில உண்டு. இங்க்ஜெட்டுக்கான போட்டோ பேப்பர், இங்க்ஜெட்டுக்கான ட்ரான்ஸ்பரன்சி ஷீட், லேமினேஷன் ஷீட், பாதி ஸ்டிக்கர் உரித்த லேபிள் தாள், பின் அடித்த தாள். ஒரு முறை அவசரத்தில் இங்க்ஜெட் ஷீட் ஒன்றை லேசரில் விட்டேன். அது வெளியே வரவே இல்லை. ஃப்யூசர் உருளையில் உருகிச் சுற்றிக்கொண்டது, ஃப்யூசரையே மாற்ற வேண்டியதாயிற்று. உரித்த லேபிள் தாளில் சிக்கல் வேறு மாதிரி: வெளியே தெரியும் பசை உள்ளே உருளைகளில் ஒட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு வரும் எல்லாத் தாளிலும் ஒரே இடைவெளியில் கறை போடும்.

4. ட்ரைவரும் போர்ட்டும்

யூஎஸ்பியில் மாட்டியதும் விண்டோஸ் தானாகவே ஒரு பொது ட்ரைவரைப் போட்டுக்கொள்ளும். பிரிண்டும் வரும். ஆனால் டோனர் சேவ், டென்சிட்டி, பேப்பர் டைப் போன்றவை அதில் பல நேரம் இருக்காது. ‘என் பிரிண்டரில் அந்த ஆப்ஷனே இல்லை’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைச் சரியாக அடித்து முழு ட்ரைவரை இறக்கி நிறுவுங்கள். நிறுவும்போது கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, மாட்டு என்று அது கேட்கும்போது மாட்டுங்கள். முன்னாலேயே மாட்டினால் விண்டோஸ் முந்திக்கொண்டு தன் ட்ரைவரைப் போட்டுவிடும், பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் நிற்கும், நீங்கள் ஒன்றில் செட்டிங் மாற்றிவிட்டு இன்னொன்றில் பிரிண்ட் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

நெட்வொர்க் பிரிண்டர் என்றால் இன்னொரு வேலை. வைஃபை ரவுட்டர் பிரிண்டருக்குக் கொடுக்கும் ஐபி முகவரி மாறினால், நேற்றுவரை ஓடியது இன்று காலை ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். ரவுட்டரிலேயே அந்த பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸில் அந்த முகவரிக்கு டிசிபி/ஐபி போர்ட் (பிரிண்டருக்குப் போகும் இணைப்பு வழி) சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் தானாக உருவாக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டைவிட இது நிலையாக நிற்கும். அப்படியே செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டர்தான் டிஃபால்ட் ஆகும், ஒரு தடவை பிடிஎஃப்பில் சேமித்தால் அடுத்த பிரிண்டும் பிடிஎஃப் ஆகப் போய் நிற்கும்.

5. செட்டிங்கை எந்த ஜன்னலில் மாற்றுவது

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மாற்றினேன், நிற்கவில்லை என்பார்கள்.

வேர்டு அல்லது பிடிஎஃப் ரீடரின் பிரிண்ட் ஜன்னலுக்குள் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ அழுத்தி மாற்றினால் அது அந்த வேலைக்கு மட்டும், அதிகம் போனால் அந்த ஆப் மூடும்வரை. விண்டோஸின் பிரிண்டர் பட்டியலில் ‘பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்’ போய் மாற்றினால் அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் லாகினுக்கு நிலையாக நிற்கும். நான்கு பேர் நான்கு லாகினில் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’, அதில் ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’. அங்கே மாற்றுவது எல்லோருக்கும் பொதுவான தொடக்க நிலை. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் கண்ணை ஏமாற்றும், நிதானமாகப் படியுங்கள்.

நான்காவது இடம் பிரிண்டரே. அதன் திரையிலோ, பிரவுசரில் அதன் ஐபி முகவரியை அடித்தால் திறக்கும் பக்கத்திலோ செட்டிங் இருக்கும். யூஎஸ்பி மட்டும் உள்ள மாடலுக்குக் கம்பெனி தரும் டூல்பாக்ஸ் சாஃப்ட்வேர். பேப்பர் சைஸ் மாதிரி இரண்டு இடத்திலும் இருப்பவற்றில், ட்ரைவர் சொல்வதுதான் பொதுவாக வெல்லும். பிரிண்டர் திரையில் மாற்றியும் பலன் தெரியவில்லை என்றால் காரணம் அதுவே.

6. பேப்பர் சைஸ், பேப்பர் டைப்

சைஸ் மூன்று இடத்தில் ஏ4 ஆக இருக்க வேண்டும்: ஃபைலில், ட்ரைவரில், பிரிண்டரின் ட்ரே செட்டிங்கில். ஏ4 என்பது 210 × 297 மி.மீ., லெட்டர் என்பது 215.9 × 279.4 மி.மீ. அமெரிக்க அமைப்பிலேயே விட்டுவிட்ட கம்ப்யூட்டரில் வேர்டு திறந்தாலே லெட்டர்தான் வரும். அதை அனுப்பினால் பிரிண்டர் லெட்டர் தாளைக் கேட்டு ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும், நாம் ஜாம் ஆகிவிட்டது என்று கதவைத் திறந்து திறந்து பார்ப்போம். ட்ரேயில் தாள் இருக்கிறது, விளக்கு சிமிட்டுகிறது, ஜாம் எதுவும் இல்லை என்றால் முதலில் ஃபைலின் சைஸைப் பாருங்கள்.

பேப்பர் டைப்பை யாரும் சீண்டுவதில்லை. தரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. ‘தின்’, ‘ப்ளெய்ன்’, ‘திக்’, ‘கார்டு ஸ்டாக்’, ‘லேபிள்’, ‘என்வலப்’ என்று தேர்ந்தெடுக்கும்போது மாறுவது ஃப்யூசரின் சூடும் தாள் ஓடும் வேகமும். தடித்த தாள் சூட்டை அதிகம் உறிஞ்சும். ‘ப்ளெய்ன்’ சூட்டில் ஓட்டினால் டோனர் சரியாக உருகாமல் மேலே தூளாக உட்கார்ந்திருக்கும், விரலால் தேய்த்தால் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பெயர் அடித்து, மேசையில் அடுக்கும்போதே பெயர் அழிகிறது என்றால் பழி டோனர்மேல் இல்லை. ‘திக்’ வைத்து இன்னொன்று எடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 60, 70 ஜிஎஸ்எம் தாளுக்கு ‘திக்’ வைத்தால் அப்பளம் மாதிரி சுருளும். அதற்கு ‘தின்’ அல்லது ‘லைட்’. அப்படியும் சுருண்டால் பல ட்ரைவர்களில் சுருளைக் குறைக்கத் தனி ஆப்ஷன் இருக்கிறது. ப்ரதர் கம்பெனி பிரிண்டரில் ‘இம்ப்ரூவ் பிரிண்ட் அவுட்புட்’ என்ற இடத்தில், டோனர் நன்றாக ஒட்டுவதற்கான ஆப்ஷனும் பக்கத்திலேயே இருக்கும்.

தேய்த்துப் பார்க்கும் சோதனையைப் பிரிண்ட் வந்த உடனே செய்யாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு, கறுப்புப் பட்டைமேல் துணியை வைத்து ஐந்தாறு முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் கறை படியக் கூடாது.

7. ஸ்கேலிங்

டெஸ்ட் பக்கத்தின் பிடிஎஃப்பை எடுத்து 100 மி.மீ. கோட்டை ஸ்கேலால் அளங்கள். 96, 97 மி.மீ. இருந்தால் பிடிஎஃப் ரீடரில் ‘ஃபிட்’ இருக்கிறது. லேசர் பிரிண்டரால் தாளின் ஓரம்வரை அச்சடிக்க முடியாது, நான்கு பக்கமும் 4 மி.மீ. அளவுக்கு விட்டுவிடும், ‘ஃபிட்’ அந்த எல்லைக்குள் முழுப் பக்கத்தையும் சுருக்கி நுழைக்கிறது. ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் வைத்து மறுபடி அளங்கள்.

கடிதத்துக்கு இந்த மூன்று நான்கு சதவீதம் தெரியாது. ஸ்டிக்கர் ஷீட், செக், முன்பே அச்சடித்த பில் படிவம் என்றால் கீழே போகப் போக வரி விலகிக்கொண்டே போகும். அடையாள அட்டையை அதே அளவில் எடுக்கச் சொல்லி வருபவர்களுக்காகத்தான் அந்த ஏடிஎம் கார்டு: கட்டத்தின்மேல் கார்டை வைத்தால் அளவு சரியா தவறா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும், ஸ்கேல்கூட வேண்டாம்.

8. ரெசல்யூஷனும் டோனர் சேவும்

எழுத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்தில் 600 புள்ளி) போதும். 600-இல் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 0.042 மி.மீ., 300-இல் அதைப்போல் இரு மடங்கு. 300-க்கு இறங்கினால் 8 பாயின்ட் தமிழ் கரகரப்பாகும். 1200 வைத்தால் போட்டோவின் சாம்பல் நிறங்கள் கொஞ்சம் மென்மையாகும், சில மாடல்களில் வேகம் குறையும். நான் 600-இலேயே விட்டுவிடுவேன்.

டோனர் சேவ் வேறு சங்கதி. அது ஒவ்வொரு எழுத்திலும் விழும் டோனரைக் குறைக்கிறது. ஆங்கில எழுத்து சாம்பலாகிறது, படிக்க முடிகிறது. தமிழில் புள்ளி போய்விடுகிறது. வீட்டில் படித்துப் பார்க்க எடுக்கும் டிராஃப்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், மனு, வினாத்தாள் எடுக்கும்போது கட்டாயம் ஆஃப். எப்போதும் எக்கனாமியிலேயே ஓட்டுவதை எச்பி கையேடுகளும் பரிந்துரைப்பதில்லை: டோனர் தீருமுன் கார்ட்ரிட்ஜின் மற்ற பாகங்கள் தேய்ந்துவிடலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

மங்கல் புகாரில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த டிக்கைத்தான். யாரோ ஒரு நாள் சிக்கனமாக இருக்கலாம் என்று ப்ரிஃபரன்சஸில் போட்டிருப்பார்கள், மறந்திருப்பார்கள்.

9. சாம்பல் எழுத்து, சிதைந்த தமிழ்

எல்லா எழுத்தும் நன்றாக இருக்க, தலைப்பு மட்டும் பொடிப்பொடிப் புள்ளிகளாக வந்தால் அந்த எழுத்துக்கு ஃபைலில் நீலமோ பச்சையோ நிறம் கொடுத்திருக்கிறது. கறுப்பு டோனர் மட்டும் உள்ள பிரிண்டர் நிறத்தைச் சாம்பலாக்கி, சாம்பலைப் புள்ளிக்கூட்டமாக அடிக்கிறது. ஃபைலில் கறுப்பாக்குங்கள். அல்லது ட்ரைவரில் ‘பிரிண்ட் ஆல் டெக்ஸ்ட் ஆஸ் பிளாக்’ இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.

திரையில் சரியாக இருந்த தமிழ் தாளில் கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகவோ வெறும் கட்டமாகவோ வந்தால், ஃபான்ட்டை ட்ரைவர் சரியாகக் கையாளவில்லை. அக்ரோபேட் ரீடரில் பிரிண்ட் ஜன்னலின் ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். எழுத்தைப் படமாக்கி அனுப்புவதால் ஃபான்ட் சிக்கல் வராது, கொஞ்சம் மெதுவாகப் போகும். திரையிலேயே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை தெரிந்தால் அது பிரிண்டர் விவகாரமே இல்லை. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல், அந்த ஃபான்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அடித்த இடத்திலேயே ஃபான்ட்டை உள்ளடக்கி பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

10. இப்போது டென்சிட்டி

இதுவரை வந்த பிறகும் புள்ளி தெரியவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். அதற்கும் முன்பு கார்ட்ரிட்ஜைக் கழற்றி இடவலமாக ஐந்தாறு முறை மெதுவாக அசைத்துவிட்டு ஒரு தாள் எடுங்கள். அசைத்ததும் நன்றாக வந்தால் டோனர் தீரப்போகிறது, டென்சிட்டி வேண்டாம், ரீஃபில் வேண்டும்.

டென்சிட்டி சில பிரிண்டர்களில் 1 முதல் 5 வரை இருக்கும், நடுவில் உள்ள 3 டிஃபால்ட். சிலவற்றில் கழித்தல், கூட்டல் எண்களாக, நடுவில் சுழியம். எழுத்தின் வடிவம் முதலில் விழும் உருளையான டிரம்முக்குத் தாவும் டோனரின் அளவை ஆளும் மின்னழுத்தத்தைத்தான் இதில் மாற்றுகிறோம். ஒரு படி ஏற்றுங்கள். ஒரே ஒரு படி. தாள் எடுத்து 8 பாயின்ட் வரிகளைப் பாருங்கள்: முதல் வரியில் புள்ளி தெரிகிறதா, இரண்டாம் வரியில் ணகரச் சுழி திறந்திருக்கிறதா. 25 சதவீதக் கட்டமும் 50 சதவீதக் கட்டமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இரண்டும் நெருங்கி ஒன்றுபோல் ஆகிவிட்டால் ஒரு படி அதிகமாகப் போய்விட்டீர்கள். அப்புறம் தாளின் வெற்றிடத்தைப் புதுத் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், லேசான சாம்பல் படர்ந்திருந்தாலும் இறங்க வேண்டும்.

எடுத்ததும் 5 வைப்பவர்கள் அடுத்து சொல்லும் புகார்கள் மூன்று: கை வைத்தால் ஒட்டுகிறது, தாள் அழுக்காக இருக்கிறது, டோனர் சீக்கிரம் தீர்கிறது. தடிமனாக விழுந்த டோனரை அதே சூட்டில் ஃப்யூசரால் முழுதாக உருக்க முடிவதில்லை. பக்கக் கணக்கும் இடிக்கும். எச்பியின் 12ஏ கார்ட்ரிட்ஜ் 2000 பக்கம், 88ஏ 1500 பக்கம் என்று பெட்டியில் போட்டிருப்பது பக்கத்தில் 5 சதவீதம் அளவுக்குக் கறுப்பு இருக்கும் என்ற கணக்கில். கட்டம் போட்ட படிவமும் கறுப்புத் தலைப்பும் அடித்துக்கொண்டு டென்சிட்டியையும் ஏற்றினால் அந்த எண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

11. செட்டிங்கால் தீராத கறைகள்

இனி வருவது கறையைப் படிக்கும் வேலை. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் அதன் டிரம்மை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், கறுப்புத் துணியோ தடித்த காகிதமோ போட்டு மூடுங்கள். ஒளிபட்டு வேலை செய்யும் பொருள் அது, அதிக வெளிச்சம் அதைக் கெடுக்கும். டிரம்மையும் கீழே இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் உருளையையும் விரலால் தொடாதீர்கள். டோனர் சிந்தினால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்யூம் கிளீனரும் வேண்டாம், அந்த நுண்தூள் அதன் வடிகட்டி வழியாக வெளியே வந்து அறை முழுக்கப் பரவும்.

ஒரே கறை திரும்பத் திரும்ப, சம இடைவெளியில் வருகிறதா? ஸ்கேலால் அளங்கள். ஏதோ ஓர் உருளையில் கீறலோ ஒட்டலோ இருக்கிறது, அந்த உருளையின் சுற்றளவுதான் இடைவெளி. 12ஏ, 88ஏ போன்ற சின்ன கார்ட்ரிட்ஜ்களில் டிரம் 24 மி.மீ. விட்டம், ஆகவே சுமார் 75 மி.மீ. இடைவெளி வந்தால் டிரம். பல ப்ரதர் மாடல்களில் அது 94 மி.மீ. இந்த எண்களோடு ஒத்துப்போகாத இடைவெளி என்றால் வேறு உருளை. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் எந்த இடைவெளிக்கு எந்த உருளை என்று பட்டியல் இருக்கும். டிரம் கீறலுக்கு டென்சிட்டியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள்.

மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு என்றால் டிரம்மில் கீறல், அல்லது அதைத் துடைக்கும் பிளேடு தேய்ந்திருக்கிறது. ப்ரதரில் டிரம் யூனிட்டின்மேல் பச்சை நிறத்தில் ஒரு சிறு தள்ளி இருக்கும். இடமிருந்து வலமாகச் சில முறை இழுத்து உள்ளே இருக்கும் கம்பியைத் துடைத்துவிட்டு, அம்புக்குறி போட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். நடுவில் விட்டுவிட்டால் அடுத்த தாளில் பட்டையாகக் கோடு விழும், இருந்ததைவிட மோசமாக.

வெள்ளைக் கோடு என்றால் டோனர் தீர்கிறது. அசைத்தும் அதே இடத்தில் நின்றால் லேசர் வரும் கண்ணாடியில் தூசி. உங்கள் மாடலில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் பிரிண்டரை அணைத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள், எட்டாவிட்டால் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது மட்டும் கோடு, கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் இல்லை என்றால் கார்ட்ரிட்ஜுக்குச் சம்பந்தமே இல்லை. மேலே தாளை இழுத்து ஸ்கேன் செய்யும் இடத்தில், பெரிய கண்ணாடியின் ஓரமாக ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும். ஒயிட்னரோ பசையோ ஒரு துளி அதில் ஒட்டியிருக்கும். துடைத்தால் தீர்ந்தது. இதற்காக கார்ட்ரிட்ஜ் மாற்றிய கடைகளை நான் அறிவேன்.

பக்கம் முழுக்கச் சாம்பல், டென்சிட்டியும் நடுவில்தான் இருக்கிறது என்றால் ரீஃபிலைச் சந்தேகப்படுங்கள். வேறு மாடலுக்கான தூளைப் போட்டிருக்கலாம், கழிவு டோனர் சேரும் அறையைக் காலி செய்யாமல் நிரப்பியிருக்கலாம்.

கோளாறு ஃப்யூசருக்கு முன்னாலா பின்னாலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிரிண்ட் கொடுத்து, தாள் பாதி உள்ளே போனதும் முன் கதவைத் திறந்துவிடுங்கள், ஓட்டம் நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுத் தாளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இன்னும் ஃப்யூசருக்குள் போகாத பகுதியில் எழுத்து தூளாக, ஆனால் சுத்தமாக இருந்து, முடிந்து வரும் தாளில் மட்டும் நிழல் எழுத்தோ கறையோ வந்தால் ஃப்யூசர். அங்கேயே கறை இருந்தால் கார்ட்ரிட்ஜ் பக்கம். உள்ளே ஃப்யூசர் பகுதி கொதிக்கும், கை வைக்காதீர்கள்.

12. இரண்டு பக்கமும் எடுப்பது

புத்தகம் மாதிரி புரட்ட ‘லாங் எட்ஜ்’, காலண்டர் மாதிரி மேலே புரட்ட ‘ஷார்ட் எட்ஜ்’. கையால் திருப்பிப் போடும் மாடலில், ஒரு வெற்றுத் தாளின் மேல்பக்கத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு ஓடவிட்டு, எழுத்து எந்தப் பக்கம் எந்தத் திசையில் விழுகிறது என்று பாருங்கள். அந்தத் தாளையே ட்ரேக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அடுத்து வருபவரும் பிழைத்துக்கொள்வார். முதல் பக்கம் முடிந்த கட்டைச் சூட்டோடு திருப்பி வைக்காமல் கொஞ்சம் ஆறவிட்டு, சுருளை நிமிர்த்தி வையுங்கள். ஜாம் ஆவது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில்தான்.

13. குறித்து வையுங்கள்

நன்றாக வந்த டெஸ்ட் தாளின் பின்னால் தேதி, பேப்பர் ஜிஎஸ்எம், பேப்பர் டைப், டென்சிட்டி எண் ஆகியவற்றை எழுதி பிரிண்டருக்குக் கீழே வைத்துவிடுங்கள். ட்ரைவரில் ப்ரொஃபைல் சேமிக்கும் வசதி இருந்தால் ‘மனு’, ‘அட்டை’, ‘டிராஃப்ட்’ என்று மூன்று போதும்.

கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் ரீஃபில் செய்தாலும், பழையதின் கடைசிக் காலத்தில் ஏற்றி வைத்த டென்சிட்டியை நடு நிலைக்கு இறக்கிவிட்டுத்தான் முதல் தாளை எடுக்க வேண்டும். எடுத்ததைக் கீழே வைத்திருக்கும் தாளோடு பக்கத்தில் வைத்து, பட்டுக்கோட்டை வரியையும் எண்ணெய்க் கிண்ணம் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரீஃபில் செய்தவர் கிளம்புமுன் பாருங்கள்.